நாற்பத்திரண்டாம் எண் கால்

ஆம்பூரில் தனகோடியின் முகத்தை அறிந்தவர்களைவிட அவருடைய கால்களை அறிந்தவர்கள் அதிகம். அவரை ஒருநாளும் பார்த்திராத வெளிநாட்டு வடிவமைப்பாளர்களின் கோப்புகளில்கூட அந்தக் கால்களின் படங்கள் இருந்தன. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, குதிகாலுக்குப் பின்னாலிருந்து ஒன்று. எந்தப் படத்திலும் முழங்காலுக்கு மேல் எதுவும் கிடையாது.

இந்தப் பெருமை அவரைத் தேடி வந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. ஷூவின் தோல் மேற்பகுதியை அச்சின்மீது இழுத்து, அடியில் சிற்றாணி அடிக்கும் பிரிவில் அப்போது அவர் இருந்தார். சாம்பிள் ரூமில் புதிய ஷூக்களைப் போட்டுப் பார்த்துச் சொல்லும் மனிதர் ஓய்வு பெற்றுவிட்டதால், ஆலைக்கு வேறு கால்கள் தேவைப்பட்டன. சூபர்வைசர் ஒருவர் இரும்பு அளவுத் தட்டோடு வந்து, நாற்பத்துமூன்று ஆண்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லி வரிசையில் நிறுத்தினார். ஆண்களுக்கான சாம்பிள் எல்லாம் நாற்பத்திரண்டாம் எண்ணில்தான் தைக்கப்படும். பலருக்கு வலது கால் அந்த எண்ணில் இருந்தது, இடது கால் இல்லை. சிலருக்கு நீளம் சரியாக இருந்தது, அகலம் இடித்தது. தனகோடியின் இரண்டு கால்களும் தட்டின் கோட்டில் மயிரிழை பிசகாமல் நின்றன.

சூபர்வைசர் இரண்டு முறை அளந்துவிட்டு, “உங்கம்மா உன்னை லாஸ்டு வச்சுப் பெத்தாங்களாடா?” என்றார். பிளாஸ்டிக்கில் செய்த கால் அச்சுக்குத்தான் ஆலையில் லாஸ்ட் என்று பெயர். வரிசை முழுவதும் சிரித்தது.

அளவு பொருந்தியது அதிர்ஷ்டம் என்றால், அந்தக் கால்களுக்கு வாய்த்த நுண்மை வரம். புதிய ஷூவை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி, சாம்பிள் ரூமின் சிமெண்டுத் தரையில் பன்னிரண்டு அடி நடப்பார். திரும்பி வந்து, “வலது சுண்டு விரலண்ட ஒரு மில்லி கம்மி” என்பார். பேட்டர்ன் வெட்டுபவர் ஷூவைப் பிரித்து அளந்தால், சரியாக ஒரு மில்லி குறைந்திருக்கும். “நம்ம கம்பெனிக்கு ரெண்டு முதலாளிங்க. ஒண்ணு தனகோடியோட எடது காலு, இன்னொண்ணு வலது காலு” என்று கேண்டீனில் பேசிக்கொள்வார்கள். அந்தக் கிண்டல் அவருக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கால்களுக்காக அவர் சிலவற்றை விட்டுக்கொடுத்தார். கபடியை விட்டார். அவருடைய ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியில் அவர் வீட்டிலிருந்து ஒருவர் இறங்குவது தலைமுறை வழக்கம். அந்த முறை அவருக்கு வந்த ஆண்டில், காலில் ஒரு கொப்புளம் வந்தால் ஒரு வாரச் சாம்பிள் நின்றுபோகும் என்று ஆலையில் தயங்கினார்கள். அண்ணன் இறங்கினார். தனகோடி கரையில் நின்று கைகூப்பினார். அன்று தன் கால்களைத் தவிர வேறு எதையும் கும்பிடத் தோன்றவில்லை என்று பின்னாளில் மனைவி சுந்தரியிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

அந்தச் சுந்தரிதான் முதலில் கண்டது. பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு மாலை, வேலை முடிந்து வந்த கணவர் கூடத்தைக் கடந்து போன வழியெங்கும் தரையில் சிவப்புப் புள்ளிகள் ஒரு கோடாக இருந்தன.

“இன்னாங்க இது? எதை மிதிச்சுட்டு வந்தீங்க?”

அவர் காலைத் திருப்பிப் பார்த்தார். இடது குதிகாலில், லாஸ்டில் அடிக்கும் சிற்றாணி ஒன்று தலைவரை இறங்கியிருந்தது. சாம்பிள் ரூமில் ஷூவை மாட்டுவதும் கழற்றுவதுமாக அன்று காலைப் பொழுதெல்லாம் வெறுங்காலோடு நடந்தவர் அவர். எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. சுந்தரி குறடு கொண்டு ஆணியைப் பிடுங்கியபோது, அவள் முகம்தான் சுளித்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவரை நடுங்கவைத்தது.

வேலூரில் ஒரு மருத்துவர் அவரைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு போன்ற ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார். “தொடும்போது சொல்லுங்க” என்றார். வலது காலில் நான்கு முறை சொன்னார் தனகோடி. இடது காலில் ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையும் மருத்துவர் தொடவில்லை.

சர்க்கரை பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது, காலின் நரம்புகளைத் தின்றிருக்கிறது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மருத்துவர் இவற்றை நிதானமாகச் சொல்லிவிட்டு, “வெறுங்காலோட நடக்காதீங்க. புது ஷூ போட்டா ஒரு மணி நேரத்துக்கு மேல போடாதீங்க. தெனம் கண்ணாடி வச்சு அடிக்காலைப் பாருங்க. என்ன வேலை பார்க்கறீங்க?” என்று கேட்டார்.

“ஷூ கம்பெனில” என்று மட்டும் சொன்னார் தனகோடி.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் சுந்தரி, “ஒவைஸ் பாய்கிட்ட சொல்லிடுங்க. நல்ல மனுசன். வேற சீட்டு குடுப்பாரு” என்றாள். ஒவைஸ் சாம்பிள் ரூம் முழுவதற்கும் மேலாளர்.

“இன்னான்னு சொல்றது? இருபத்துமூணு வருசமா என் காலு சொன்னா உலகமே கேட்டுச்சு. இப்ப அது ஊமையாயிடுச்சுன்னா?” என்றார். பிறகு, பள்ளிகொண்டா வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆம்பூரில் இறங்கும்போது, “நீ யார்கிட்டயும் வாய் திறக்காத” என்றார். அவள் திறக்கவில்லை.

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். ஆகவே பொய்யையும் ஒரு தொழிலாக முறைப்படி கற்றுக்கொண்டார். ஷூவைப் போடுமுன் உள்ளே கையை விட்டு, தையல் மடிப்புகளை விரலால் தடவி மனத்தில் பதித்துக்கொள்வார். பன்னிரண்டு அடிகளை நூறாக்குவார். கழற்றியதும், யாரும் பாராதபோது காலுறையை இறக்கி, தோலில் விழுந்த சிவந்த தடங்களைப் படிப்பார். எந்த இடத்தில் சிவப்பு அழுத்தமோ அந்த இடத்தில் ஷூ இறுக்கம். கால் உணர வேண்டியதைக் கண்ணும் விரலும் உணர்ந்தன. பதினான்கு மாதங்களில் பதினொரு மாடல்களுக்கு அவர் இப்படித்தான் ஒப்புதல் சொன்னார். ஒருவரும் சந்தேகப்படவில்லை. தானும் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று அவர் நம்பத் தொடங்கிய வேளையில்தான் ஒவைஸ் அழைத்தார்.

“தனகோடி, பாஸ்போர்ட் எடுத்து வச்சிருக்கியா?”

“அது இருக்குது பாய். துபாய்க்குப் போறேன்னு ஒரு தடவை எடுத்தேன், போகல. அப்புறம் பழக்கதோஷத்துல புதுப்பிச்சுட்டே இருக்கேன்.”

“இப்ப போகப் போற. ஓமன்.”

பாலைவனப் பாறைப் பள்ளத்தாக்குகளில் நடப்பவர்களுக்கான பூட்ஸ் அது. வாங்கும் நிறுவனம் ஒவ்வொரு மாடலையும் ஓமன் மலையிலுள்ள ஒரு பள்ளத்தாக்கில் இறக்கி நடத்திப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்கும். இம்முறை, எந்தக் கால்களின்மேல் அந்த பூட்ஸ் உருவானதோ அந்தக் கால்களே வரட்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆண்களுக்கு நாற்பத்திரண்டு, தனகோடி. பெண்களுக்கு முப்பத்தேழு, சௌந்தர்யா. சௌந்தர்யா காலணித் தொழில்நுட்பம் படித்துவிட்டு டெவலப்மெண்ட் பிரிவில் சேர்ந்த இருபத்தேழு வயதுப் பெண். வாணியம்பாடியிலிருந்து தினம் ரயிலில் வருபவள். அவளுடைய பாதமும் அளவு பிசகாதது என்பதால், மேசை வேலையோடு இந்த வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது.

போக வேண்டாம் என்று சுந்தரி இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் அவருடைய பையில் உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றை வைத்தாள். “அங்க யாரும் பார்க்கலன்னா இதை எடுத்துப் பாருங்க. பார்த்தாங்கன்னாலும் பாருங்க” என்றாள்.

*

மஸ்கட்டிலிருந்து ஜீப் நான்கு மணி நேரம் ஓடியது. கடைசி ஒரு மணி நேரம் சாலையே இல்லை. பள்ளத்தாக்கின் விளிம்பில் இறங்கி நின்றபோது தனகோடி முதலில் கவனித்தது ஆழத்தை அல்ல. காற்றில் எந்த வாடையும் இல்லை என்பதை. பிறந்தது முதல் அவர் மூச்சில் தோல் வாடையோ சுண்ணாம்பு வாடையோ இல்லாத ஒரு நாள் இருந்ததில்லை. அந்த வெறுமை அவருக்கு ஒப்பவில்லை. எதிர்ச்சுவர் பழுப்பும் செம்மையுமாக, கிடங்கில் அடுக்கி வைத்த பதனிட்ட தோல்களைப் போல வரிவரியாக இறங்கிக்கொண்டே போய், அடியில் ஒரு வெண்ணிறக் கல் ஆறாக முடிந்தது. மரம் என்று சொல்ல முள்மரங்கள் இரண்டு மூன்று. எங்கோ ஓர் ஆடு கத்தியது. அதன் எதிரொலி ஆட்டைவிட நீண்ட நேரம் இருந்தது.

வழிகாட்டி ஹமூத், வாங்கும் நிறுவனத்தின் ஆள். ஐம்பதைத் தாண்டிய ஓமானி. இந்தியத் தொழிலாளர்களோடு பழகி உருது பேசினார். ஆம்பூர்த் தெருவில் கற்ற உருது தனகோடியிடம் இருந்தது. “அடியில் தெரிவது ஆறு. மழை பெய்தால் மட்டும் வரும்” என்று ஹமூத் பெருமையாகக் காட்டினார்.

தனகோடி சௌந்தர்யாவிடம், “தண்ணி இல்லாத ஆத்தைப் பார்க்கவாம்மா பிளேன் ஏறி வந்தோம்? பாலாத்துப் பாலத்து மேல நின்னா ஓசிலயே தெரியுமே” என்றார். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அன்று இருவரும் சிரிக்கவில்லை.

சோதனையின் விதிகள் கறாரானவை. காலை ஏழு மணிக்குக் கட்டிய நாடாவை மாலை மூன்று மணிவரை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் கால் இளைப்பாறிவிடும், கணக்குத் தப்பும். மணிக்கொருமுறை நின்று, பாதத்தின் ஆறு இடங்களுக்கு ஒன்று முதல் ஐந்துவரை எண் போட வேண்டும். ஒன்று என்றால் தொல்லையே இல்லை. ஐந்து என்றால் தாங்க முடியாது. இந்த விதிகளைத் தனகோடி ஆம்பூரிலேயே படித்திருந்தார். கழற்றாமல் தோலின் தடத்தைப் படிக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. இரவெல்லாம் யோசித்து அவர் கண்ட வழி ஒன்றுதான்: சௌந்தர்யாவின் பூட்ஸும் அதே வார்ப்பு, அதே தோல், அதே தையல். அவள் என்ன சொல்கிறாளோ அதையே தானும் சொல்லிவிடுவது.

எட்டு மணிக்கு இருவரும் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டார்கள். ஒன்பது மணிக்கு, சரிவில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தாளை விரித்ததும் சௌந்தர்யா கேட்டாள்:

“அண்ணா, குதிகாலுக்குப் பின்னாடி உங்களுக்கு எப்படி இருக்குது?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வேர்வையைத் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை.

“ஒண்ணும் இல்லையேம்மா. உனக்கு?”

அவள் பேனாவை ஒரு கணம் தாளுக்கு மேலே நிறுத்தினாள். “இல்லண்ணா. சும்மாதான் கேட்டேன்” என்று சொல்லி, ஒன்று போட்டாள். அவரும் ஒன்று போட்டார். நெஞ்சு இலேசானது.

பத்து மணிக்கு அவள் குதிகால் கட்டத்தில் இரண்டு என்று எழுதியதையும், ஓரக்கண்ணால் அவர் தாளைப் பார்த்துவிட்டு அதை அடித்து ஒன்று ஆக்கியதையும் அவர் கண்டார். பதினொரு மணிக்குப் பிறகு, இறக்கத்தில் அவள் வலது காலை முன்விரல்களால் மட்டும் ஊன்றினாள், குதிகாலை வைக்கவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் மனிதர்களின் நடையைப் பார்த்து வயிறு வளர்த்தவர் அவர். ஆயிரம் பேர் நடக்கும் கடைத்தெருவிலும் அந்த நடையைத் தனியே பிரித்து, ‘பின்பக்கம் கடிக்குது’ என்று சொல்லிவிடுவார். இங்கே மூவர்தான் நடந்தார்கள். கல் பாதையில் எல்லாரும் அப்படித்தான் இறங்குவார்கள் என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டபோதே அது பொய் என்பது தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கும் ஒன்று போட்டார்.

ஒரு மணிக்கு ஆற்றின் கற்களை அடைந்தார்கள். சுவர்கள் இரண்டும் நெருங்கி, வானம் ஒரு முழத் துண்டாகச் சுருங்கிய இடம். ஹமூத் நிழலைக் காட்டி உட்காரச் சொன்னார். சௌந்தர்யா உட்காரவில்லை, பாறையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்தாள். கண்களில் நீர் நின்றது.

“சாரிண்ணா. என்னால முடியல. என் காலுதான் சரியில்ல போல. உங்களுக்கு ஒண்ணுமே இல்லன்றீங்க, எனக்கு மட்டும் காலைலேர்ந்து உயிர் போகுது. ரிப்போர்ட்டை நான் கெடுக்கறேனோன்னு பொறுத்துக்கிட்டேன்.”

ஹமூத் விதிகளைக் கேட்கவில்லை. குனிந்து அவளுடைய நாடாக்களை அவிழ்த்தார். குதிகாலின் பின்புறம் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் உரிந்து, காலுறை ஒட்டியிருந்தது. பூட்ஸின் பின்பக்கத்தில் குதிகாலைத் தாங்க வைக்கும் கெட்டி அட்டையின் மேல்விளிம்பு, இரண்டு மில்லி உயரமாக வெட்டப்பட்டிருந்தது. தனகோடி விரலை விட்டுத் தடவியதும் தெரிந்துகொண்டார். சிமெண்டுத் தரையின் நூறு அடிகளுக்கு அது கடிக்காது. இறக்கத்தில் ஆறு மணி நேரம் நடந்தால் கடிக்கும். பழைய தனகோடி அதை ஆம்பூரிலேயே, மூன்றாவது அடியில் சொல்லியிருப்பார்.

“உங்களதும் கழட்டுங்க” என்றார் ஹமூத்.

“எனக்கு வலிக்கல.”

“கழட்டுங்க.”

இடது பூட்ஸ் எளிதில் வரவில்லை. வந்தபோது காலுறை குதிகாலிலிருந்து பாதத்தின் பாதிவரை கறுஞ்சிவப்பாக ஊறியிருந்தது. ஹமூத் அரபியில் ஏதோ முணுமுணுத்தார். சௌந்தர்யா தன் காயத்தை மறந்து, அந்தக் காலையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். முகமும் அந்தக் காலைப் போலச் சலனமில்லாமல் இருந்தது.

அங்கே தொலைபேசி எடுக்காது. மேலே ஏறுவதற்கு ஐந்து மணி நேரம். ஆற்றின் வளைவுக்கு அப்பால் ஆடு மேய்க்கும் குடும்பம் ஒன்று இருப்பதாகவும், கழுதை கிடைத்தால் கொண்டுவருவதாகவும் சொல்லி, தண்ணீரையும் பேரீச்சம்பழத்தையும் வைத்துவிட்டு ஹமூத் போனார். அவருடைய காலடிச் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

தனகோடி பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். குதிகாலுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார்.

“வீட்ல குடுத்தனுப்புனது” என்றார். “பதினாலு மாசமா தெனம் பார்க்கறேன். என் காலுக்கு உணர்வு இல்லம்மா. சர்க்கரை. ஆணி குத்துனா தெரியாது, நெருப்பை மிதிச்சாத் தெரியாது. காலைலேர்ந்து நான் போட்ட நம்பரெல்லாம் உன்னைப் பார்த்துப் போட்டது.”

அவள் தன் தாளை எடுத்துப் பார்த்தாள்.

“நான் உங்களைப் பார்த்துப் போட்டேன்” என்றாள்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“பத்து மணிக்கு ரெண்டுன்னு போட்டு அடிச்சியே. அப்பவே தெரியும். நீ நொண்டுனதும் தெரியும்.”

அவர் எதிர்பார்த்தது ஒரு வசவை. அவள் திட்டவில்லை, குரலும் உயரவில்லை. “ஒன்பது மணிக்கு நான் கேட்டப்ப, ‘எனக்குத் தெரியலம்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாலுன்னு எழுதியிருப்பேன். மேலேயே நின்னிருப்போம்” என்றாள். பிறகு, கணக்குப் போடுபவளைப் போல, “பதினாலு மாசம்னா… அந்த சேஃப்டி ஷூ? மழைக்காலத்து பூட்ஸ்?” என்று கேட்டாள்.

“பதினோரு மாடல்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெயில் எதிர்ச்சுவரில் ஒவ்வொரு வரியாக மேலேறியது. அவ்வளவு பெரிய இடத்தில் தம்மை மறைத்துக்கொள்ள ஓர் இடமும் இல்லை என்று தனகோடிக்குத் தோன்றியது. ஆம்பூரில் சாம்பிள் ரூமின் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. இங்கே கல்லும் வானமும் அந்தப் பெண்ணும்தான்.

வெயில் தாழ்ந்தபோது ஹமூத் வந்தார். கழுதை ஒன்றுதான் கிடைத்தது. தனகோடி, “அந்தப் பொண்ணை ஏத்துங்க. எனக்கு வலிக்கல, நான் நடப்பேன்” என்றார்.

சௌந்தர்யா பதில் சொல்லுமுன் ஒற்றைக் காலில் எழுந்து நின்றிருந்தாள். “எனக்கு வலிக்குது. அதனால எங்க காலை வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. நீங்கதான் ஏறணும்.”

அவர் ஏறினார். குதிகால் இல்லாத செருப்பாக, ஹமூத் பையில் வைத்திருந்த மாற்றுச் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, அவள் கழுதையின் வாலருகே நடந்து வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவளிடமிருந்து ஒரு சிறு மூச்சொலி வந்தது. அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே மேலே போவது, அவர் வாழ்நாளில் செய்த எந்தப் பயணத்தையும்விட நீளமாக இருந்தது. விளிம்பை அடைந்ததும், ஜீப்பின் விளக்கு வெளிச்சத்திலேயே, அவர் தாளைக் கேட்டு வாங்கினார். காலை முதல் தாம் போட்ட ஒன்றுகளை எல்லாம் அடித்தார். அடியில் தமிழில் எழுதினார்: ‘இந்தக் கால் சொன்னதை நம்ப வேண்டாம். பெண்கள் பூட்ஸின் குதிகால் மதிப்பெண் ஐந்து.’ ஆங்கிலத்தில் மாற்றி எழுதும் பொறுப்பை சௌந்தர்யாவிடம் விட்டார். அவள் ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் எழுதியதை, அருகிலிருந்து பார்த்தார்.

*

ஒவைஸ் வேலூர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கட்டில் ஓரம் உட்கார்ந்து வெகுநேரம் தொப்பியை மடித்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, தனகோடி?”

“சொல்லியிருந்தா அனுப்பியிருப்பீங்களா பாய்?”

“அனுப்பியிருக்க மாட்டேன்.”

“அதான் பாய்.”

ஒவைஸுக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. “பேஜார் பண்ணிட்டப்பா” என்று மட்டும் சொன்னார். பதினொரு மாடல்களையும் வெளியிலிருந்து ஆள் வைத்து மறுபடி நடத்திப் பார்த்தார்கள். ஒன்பது சரியாக இருந்தன. ஒன்றைக் கப்பலேறுமுன் நிறுத்தினார்கள். இன்னொன்று, கட்டட வேலைக்காரர்களுக்கான ஷூ, ஆறு மாதங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தது. அதன் உட்பக்கத்தில், பெருவிரல் மூட்டருகே, ஒரு மடிப்பு. அந்த ஒன்றைத் தனகோடியால் மறக்க முடியவில்லை. ஏதோ ஒரு ஊரில், பெயர் தெரியாத ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு ஏணி ஏறுவார். மாலையில் கழற்றும்போது, இதைத் தைத்தவன் நாசமாய்ப் போக என்பார். தைத்தவன்மேல் தப்பு இல்லை.

ஏழு வாரங்களாகியும் குதிகால் புண் முழுதாக மூடவில்லை. கட்டுப் போட்ட காலோடு அவரை ஒருநாள் ஆலைக்கு அழைத்தார்கள். புதிய நாற்பத்திரண்டு தேட வேண்டும். அந்த வேலை அவரளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவருக்கு எங்கே இடம் என்று ஒவைஸ் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

சாம்பிள் ரூமில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எதிரே அதே இரும்புத் தட்டு. முப்பத்தெட்டு ஆண்கள் செருப்பைக் கழற்றி வரிசையில் நின்று, ஒருவர் காலை ஒருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். சௌந்தர்யா பக்கத்தில் பட்டியல் அட்டையோடு நின்றாள். ஓமனிலிருந்து திரும்பிய பிறகு அவள் அவரோடு வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினாள். தனகோடி சட்டைப் பையிலிருந்து ஒரு நைலான் இழையை எடுத்தார். மருத்துவரிடம் கேட்டு வாங்கி வந்தது.

“அளவு அப்புறம். முதல்ல கண்ணை மூடி நில்லுங்க. நான் தொடும்போது எங்கன்னு சொல்லணும்.”

“இன்னாண்ணே, ஜோசியமா?” என்றது வரிசை. அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் அடங்கியது.

பதினேழாவதாக வந்தவன் தமிழ்வேந்தன். சோல் ஒட்டும் பிரிவு, குடியாத்தத்துக்காரன், முப்பத்தாறு வயது. ஆர்வத்தில் அவன் முதலில் தட்டின்மேல் ஏறிவிட்டான். நாற்பத்திரண்டு. இடது காலும் நாற்பத்திரண்டு. அகலமும் சரி. “கெடைச்சுட்டான்யா” என்று யாரோ கைதட்டினார்கள். ஒவைஸின் முகம் பல வாரங்களுக்குப் பிறகு மலர்ந்தது.

தனகோடி அவனைக் கண்ணை மூடச் சொன்னார். இழையைப் பெருவிரலின் அடியில் வைத்து அழுத்தினார். தமிழ்வேந்தன் பேசாமல் நின்றான். நடுப்பாதத்தில் வைத்தார். பேசவில்லை. இழையை எடுத்துவிட்டு வெறுமனே காத்திருந்தார்.

“இப்ப… குதிகாலு” என்றான் அவன்.

அவன் கண்ணைத் திறந்து, காலையும், தொலைவில் இருந்த இழையையும் பார்த்தான். குனிந்து, தனகோடிக்கு மட்டும் கேட்கும்படி, “அண்ணே, கொஞ்ச நாளா மரத்தாப்புலதான் இருக்குது. வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. நீங்க சொல்லாதீங்க. அளவு சரியாத்தான இருக்குது?” என்றான்.

தனகோடி அவன் முகத்தைப் பார்த்தார். பள்ளிகொண்டா வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு மனிதர் அந்த முகத்தில் இருந்தார்.

“சௌந்தர்யாம்மா, எழுதிக்க” என்றார். “தமிழ்வேந்தன். அளவு நாற்பத்திரண்டு. உணர்வு இல்லை.”

அவள் எழுதினாள். தமிழ்வேந்தனின் தலை கவிழ்ந்தது. தனகோடி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். “நாளைக்குக் கட்டு மாத்த வேலூர் போறேன். நீ ஒண்ணும் சாப்பிடாம ஆறு மணி பஸ்சுக்கு வா. வரலன்னா உன் வீட்டுக்கே வந்துடுவேன்” என்றார். அவன் கையை உதறிக்கொண்டு செருப்பைத் தேடினான். தேடிய வேகத்தில் வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வெளியேறினான். அவன் வருவானா என்பது அவருக்குத் தெரியவில்லை.

ஒவைஸ் பெருமூச்சு விட்டார். வரிசையில் இப்போது கிண்டல் இல்லை. இருவர் ஓசைப்படாமல் பின்னுக்கு நகர்ந்து, கடைசியில் போய் நின்றுகொண்டார்கள்.

தனகோடி அதைப் பார்த்தார். இழையை விரலில் சுற்றி நேராக்கிக்கொண்டு, “அடுத்த ஆள்” என்றார்.